பல்வலிக்கு லீவு தெரியாது

"ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்."

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பல்லைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு பல் கிளினிக்கில் மருத்துவருக்கு உதவியாளராக நிற்கிறேன். தமிழர், மலையாளி, பாகிஸ்தானி, வங்காளி, ஃபிலிப்பினோ என்று எல்லோரும் வருகிறார்கள். பேசும் மொழிதான் வேறு, தள்ளிப்போடச் சொல்லும் காரணம் ஒன்றே. இங்கே செலவு அதிகம், ஊரில் மலிவு, லீவு வரட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பில் அந்தக் கணக்கு எப்படித் தப்பாகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

போன கோடையில் ஒரு தம்பி வந்தார். இராமநாதபுரம் பக்கம், ஷட்டரிங் கார்ப்பென்டர். கீழ்த்தாடை இடது பக்கம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வாய்க்குள் கண்ணாடியை விட முடியவில்லை, ஒரு விரல் அளவுதான் திறந்தது. "சிஸ்டர், பிடுங்கி விட்ருங்க, நாளைக்கு டியூட்டி இருக்கு" என்றார். நான் தமிழில் பேசியதும் "அக்கா, ஆறு மாசமா அந்த ஓட்டையில சோறு சிக்கும். குச்சி வெச்சு எடுத்துருவேன். வலி இல்லாததால விட்டுட்டேன்" என்றார். எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது. வேரின் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். அந்த நிலையில் உடனே பிடுங்கவும் முடியாது. சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, வாய் திறக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பல்லை எடுத்தார்கள். அவருக்கு ஒரு வாரச் சம்பளம் போனது.

அந்தத் தம்பி சொன்னதில் முக்கியமான சொல் "வலி இல்லாததால" என்பது. சொத்தை பல்லின் மேல் உறையான எனாமலில் இருக்கும் வரை வலிக்காது, அங்கே நரம்பு கிடையாது. அதற்கு அடுத்த அடுக்கைத் தொட்டதும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், இனிப்புப் பட்டால் சுரீர் என்னும். அப்போதுகூட ஒரே அமர்வில் அடைத்துவிடலாம், சில நூறு திர்ஹாம் செலவு. இரவில் படுத்ததும் தானாக விண் விண்ணென்று தெறிக்கத் தொடங்கினால் நரம்பு கெட்டுவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ரூட் கேனல், அதன் மேல் கேப், செலவு ஆயிரங்களில். இன்னும் பயங்கரம், சில நாளில் அந்த வலி தானாக நின்றுவிடும். நரம்பு செத்துப்போனதால் நிற்கிறது. "சரியாயிடுச்சு" என்று நம் ஆட்கள் நிம்மதியாவது இந்த இடத்தில்தான். கிருமி வேருக்குக் கீழே எலும்பில் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

காசுப் பிரச்சினை உண்மையானது, அதை நான் மறுக்க மாட்டேன். அபுதாபியிலும் துபாயிலும் முன்பே கட்டாயமாக இருந்த மருத்துவக் காப்பீடு, 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளின் தனியார் துறை ஊழியர்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. அதற்கான அடிப்படைத் திட்டத்தின் ஆண்டுக் கட்டணம் 320 திர்ஹாம். நல்ல விஷயம்தான், ஆனால் இப்படிப்பட்ட அடிப்படைத் திட்டங்களில் பல்லுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அலுவலக வேலையில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மேம்பட்ட காப்பீடு இருக்கும். அதில் டென்டல் என்று ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தும் தெரியாமல், ஆண்டு முடிந்து காலாவதியாக விடுகிறவர்கள் நிறையப் பேர்.

காப்பீடு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. ஷார்ஜா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவமனை, அஜ்மான் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி கிளினிக்குகள், துபாய் ஹெல்த்கேர் சிட்டியில் இருக்கும் துபாய் பல் மருத்துவமனை, இவையெல்லாம் மாணவர்கள் பயிலும் இடங்கள். பேராசிரியர்கள் பக்கத்தில் நின்று மேற்பார்க்க, பயிற்சியில் இருப்பவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பல முறை போக வேண்டியிருக்கும். ஆனால் மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்குத் தனியார் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. கேம்ப் அறைக்குள்ளும் வில்லாவுக்குள்ளும் உரிமம் இல்லாமல் பல் பிடுங்கித் தருகிறேன், பல் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகவே வேண்டாம். ஒரே இடுக்கியை அடுத்தடுத்த வாய்களில் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி வரை பரவும். முறையான கிளினிக்கில் மருத்துவரின் உரிமம் கண்ணில் படும்படி இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இனி வீட்டில் நாமே செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில் கரக்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் பையன் பேப்பர் கப்போடு வருவான். டின் பால், ஏலக்காய், நன்றாகக் கொதித்த சாயா, அதில் தாராளமாகச் சர்க்கரை. குடித்து முடித்ததும் கப்பின் அடியில் பாருங்கள், கரையாத சர்க்கரை பாகு மாதிரி ஒட்டியிருக்கும். டாக்சி ஓட்டுகிறவரும் டெலிவரி பைக்கில் போகிறவரும் அதை ஒரே மூச்சில் குடிப்பதில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சுவார்கள். பல்லுக்கு ஆகாதது இந்தப் பழக்கம்தான். சர்க்கரை வாயில் பட்டதும் கிருமிகள் அமிலம் செய்யத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைக் கழுவிச் சமன்செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடித்தால் எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைக்காது. எவ்வளவு சர்க்கரை என்பதோடு, எத்தனை முறை என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

கரக்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்லிப் பயனுமில்லை. குடித்தால் உட்கார்ந்து குடித்து முடித்துவிடுங்கள், பிறகு இரண்டு வாய் பச்சைத் தண்ணீர் குடியுங்கள். அடுத்த முறை "வித்தவுட்" கேளுங்கள், இல்லையென்றால் சீனி போடாத சுலைமானி. முதல் வாரம் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். எனர்ஜி பானம் விஷயத்தில் எனக்கு இந்த இளக்கம் கிடையாது. சாதாரண 250 மில்லி டின்னில் சுமார் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரே டின்னில் தாண்டிவிடுகிறது. போதாததற்கு அந்தப் பானமே புளிப்பு, அமிலம். அமீரக அரசு 2017 அக்டோபரிலேயே எனர்ஜி பானத்துக்கு 100 சதவீதமும் சோடா பானங்களுக்கு 50 சதவீதமும் கலால் வரி போட்டது சும்மா இல்லை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் எச்சிலும் வற்றும், பல்லைக் காக்கும் முக்கியமான இயற்கைக் காவல் அதுதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலைக்குத் தடை இருக்கிறதே, அந்த ஓய்வு நேரத்தில் எனர்ஜி பானம் குடித்துவிட்டு அப்படியே படுத்துத் தூங்குவது பல்லுக்குச் செய்யும் பெரிய கெடுதல். தூக்கத்தில் எச்சில் இன்னும் குறைந்துவிடும். தண்ணீர், சர்க்கரை இல்லாத மோர், லபன், இவை போதும்.

அடுத்தது பேஸ்ட். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் வந்தால் அவர்கள் சிரிக்கும்போதே தெரிந்துவிடும். பல்லில் பழுப்புத் திட்டு. "கிளீனிங் பண்ணி இந்தக் கறையை எடுத்துருங்க" என்பார்கள். எடுக்க முடியாது. அது மேலே ஒட்டிய கறை இல்லை, சின்ன வயதில் குடித்த நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடு பல் உருவாகும்போதே உள்ளே சேர்ந்தது. அந்தத் தண்ணீர்ப் பிரச்சினைக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். இந்த அனுபவத்தால் அவர்களில் பலர் ஃபுளோரைடு என்றாலே பயந்து, அது இல்லாத மூலிகை பேஸ்டாகத் தேடி வாங்குகிறார்கள். இங்கேதான் நிலைமை தலைகீழ். வளைகுடாவில் நாம் குடிப்பது பெரும்பாலும் கடல்நீரை நன்னீராக்கிய தண்ணீர். உப்போடு ஃபுளோரைடும் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். தண்ணீரிலிருந்து பல்லுக்குக் கிடைக்க வேண்டிய சிறு பாதுகாப்பும் இங்கே கிடைப்பதில்லை, பேஸ்டில் இருந்து வந்தால்தான் உண்டு. பெரியவர்களுக்கு ஃபுளோரைடால் அந்தப் பழுப்புத் திட்டு வரவே வராது, பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில்தான் வரும். அதனால் பயப்படாமல் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று போட்டிருக்க வேண்டும். விலை பொருட்டே இல்லை, மலிவான பேஸ்டிலும் அதே மருந்துதான். ஃபுளோரைடு பேஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

காலையில் துலக்காத தமிழன் கிடையாது. விடுபடுவது இரவு. சோம்பல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர், ஒரே பாத்ரூம், டியூட்டி முடிந்து வந்து குளிக்கவே வரிசை, அதிகாலை நாலு மணிக்குப் பஸ். இதில் பல் துலக்க இன்னொரு முறை யார் வரிசையில் நிற்பார்கள்? அப்படி நிற்கவே வேண்டாம் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்லும் செய்தி. பல் துலக்கக் குழாய் தேவையில்லை. பட்டாணி அளவு பேஸ்டை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு நிமிடம் துலக்குங்கள், ஒரு பேப்பர் கப்பில் துப்புங்கள், முடிந்தது. வாய் கொப்பளிக்காமல் விடுவதுதான் உண்மையில் சரியான முறையும்கூட. கொப்பளித்தால் ஃபுளோரைடு பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும், துப்பிவிட்டு அப்படியே தூங்கினால் இரவெல்லாம் பல்லின் மேல் தங்கி வேலை செய்யும். நைட் டியூட்டிக்காரர்களுக்கு இரவு என்பது அவர்கள் தூங்கப்போகும் நேரம், அது காலை ஒன்பதாக இருந்தாலும். பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும். அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாகும் என்று நினைத்து ஈறை ஒதுக்கிவிட்டவர்களைத் தினம் பார்க்கிறோம்.

மிஸ்வாக் பற்றி நோன்புக் காலத்தில் நிறையக் கேட்பார்கள். அராக் மரத்தின் வேர், நம் பக்கத்தில் உகாய் என்று சொல்லும் மரம்தான். நல்ல பொருள், நுனியை மென்று தூரிகை போலாக்கி ஈறிலிருந்து பல்லை நோக்கித் தேய்த்தால் அழுக்கு நன்றாகவே போகும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பழைய நுனியை வெட்டிவிட வேண்டும். ஆனால் கடவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கு அது எட்டாது. நோன்பு இருப்பவர்கள் சஹர் சாப்பிட்டு முடித்ததும் ஃபுளோரைடு பேஸ்டால் ஒரு முறை, இரவு தராவீஹ் முடிந்து படுக்கும் முன் ஒரு முறை துலக்குங்கள். இடையில் பகலெல்லாம் மிஸ்வாக் இருக்கட்டும். பேரீச்சம்பழம் பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும், இஃப்தாரில் அதைத் தின்றதும் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஹான்ஸ், குட்கா, நஸ்வார், வாயில் அடக்கும் எல்லாமே. அமீரகத்தில் பான், குட்கா விற்பது குற்றம், தமிழ்நாட்டிலும் குட்காவுக்கு 2013-ல் தடை வந்தது. இருந்தும் எப்படியோ வாங்கிவிடுகிறார்கள், கன்னத்தைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். உள்கன்னம் வெளுத்து, தோல் தடித்து, நார் நாராக இறுகியிருக்கும். புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியான அறிக்கையில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், காரமே பட முடியாமல் வாய் எரிந்தால், இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் இருந்தால், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள். இதை லீவு வரை வைத்திருக்காதீர்கள். அடிபணிந்து கேட்கிறேன்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று ஒரு நம்பிக்கை. பற்காரை கட்டிக் கட்டி ஈறும் எலும்பும் இறங்கிப்போன பல்லை அந்தக் காரையே முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் அப்படியே, கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது, அங்கேதான் இன்னும் நன்றாகத் துலக்க வேண்டும். சுகர் இருப்பவர்கள் ஈறை இரட்டிப்பாகக் கவனியுங்கள். சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகர் இறங்க மறுக்கும்.

வலி வந்துவிட்டது, நாளைக்குத்தான் போக முடியும் என்றால் பனடால் போடலாம், 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். புரூஃபன் வகை மாத்திரைகளை வெயிலில் நாள் முழுக்க வியர்த்தவர்கள், கிட்னி கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் கேட்காமல் போடாதீர்கள், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது ஈறைப் பொசுக்கிவிடும். அறை நண்பர் மீதி வைத்த ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போடுவது வீண், சொத்தைக்குள் இருக்கும் கிருமியை அது எடுக்காது. ஊரிலிருந்து வருகிறவரிடம் மாத்திரை கொண்டுவரச் சொல்லும்போது இன்னொரு எச்சரிக்கை. கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, அரசின் முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் வழக்காகிவிடும்.

குழந்தைகளோடு இங்கே குடும்பமாக இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் கடவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பால்பல்லும் விழாமல் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்து அம்மாக்கள் விட்டுவிடுகிறார்கள். அது போனால் போனதுதான்.

ஊரில்தான் பார்ப்பேன் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு, சரி, அதையாவது ஒழுங்காகத் திட்டமிடுங்கள். நம் லீவு எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மாமியார் வீடு, கோயில், வங்கி வேலை, கடைசி மூன்று நாளில் பல் டாக்டர். ரூட் கேனலுக்கு இரண்டு மூன்று அமர்வு ஆகலாம், கேப் தயாராகி வர ஒரு வாரம் ஆகலாம். பாதியில் விட்டு விமானம் ஏறினால் தற்காலிக அடைப்பு இங்கே வந்து உடையும். பல் பிடுங்கிய குழி காய்ந்து தாங்க முடியாத வலி வருவதென்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் வரும், அன்றைக்கு நீங்கள் டியூட்டியில் இருப்பீர்கள். இம்பிளாண்ட் என்றால் திருகு எலும்போடு சேரவே பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும், ஒரு மாத லீவில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எப்படி என்று விளக்கம் கேளுங்கள். ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே காட்டுங்கள். தனியாருக்குக் காசில்லை என்றால் 1953-ல் இருந்து நடக்கும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-ல் திறந்த அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு திரும்புங்கள், இங்கே ஏதாவது ஆனால் எங்களுக்கு அது பெரிய உதவி.

கடைசியாக, அறையில் கூட இருப்பவர்களுக்கு. பல்வலிக்காரர் தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்க மாட்டார், டியூட்டி போய்விடும் என்று பயந்துகொண்டே கிடப்பார். தாடைக்குக் கீழே கழுத்து வரை வீக்கம் இறங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நாக்கு மேலே தள்ளினால், காய்ச்சலோடு குரல் மாறினால் அது கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கும் விஷயமில்லை. மூச்சுக்குழல் அடைபடும் ஆபத்து அது. அந்த நேரமே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், வண்டி இல்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள். அமீரகத்தில் 998, சவூதியில் 997, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, குவைத்தில் 112, ஓமனில் 9999.